மின்நிலையப் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க ஏன் புதுப்புது அமீன்களைச் சோதிக்கிறார்கள்?

அமீன் என்பது அம்மோனியாவுக்கு உறவான வேதிப்பொருள். அதன் நீர்க்கரைசல் சுமார் 40 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும், 120 டிகிரி வாக்கில் சூடாக்கினால் விட்டுவிடும், அப்புறம் அதே கரைசல் மறுபடி புகைக்குப் போகும். தரை துடைக்கும் துணி மாதிரிதான். துடைப்பது சுலபம், பிழிவதில்தான் கை வலி. அந்தப் பிழிகிற வேலைக்கு மின்நிலையத்தின் நீராவியே செலவாகிறது, மின்சாரம் குறைகிறது. பழைய ஆளான மோனோஎத்தனாலமீன் என்ற அமீன் ஆக்சிஜன் பட்டால் கெடும், இரும்பையும் அரிக்கும். அதனால்தான் புதுசு தேடுகிறார்கள். குடுவையில் ஜோராக வேலை செய்வது நிஜப் புகையில் சொதப்பலாம் என்பதால், நார்வேயின் மோங்ஸ்டாட் கார்பன் பிடிப்புச் சோதனை மையத்தில் 2012 முதல் அமீன்களைப் பெரிய அளவில் ஓட்டிப் பார்க்கிறார்கள்: எவ்வளவு வெப்பம் கேட்கிறது, எவ்வளவு கெடுகிறது, புகைபோக்கி வழியே எவ்வளவு தப்புகிறது என்று.

சரி, பலர் நினைப்பதுபோல அமீன் கார்பன் டை ஆக்சைடை அழிப்பதில்லை. பிரித்துத்தான் தருகிறது, அதை அழுத்தி நிலத்தடியில் சேமிப்பது தனி வேலை.