கையுறை அணிந்தும் அரிப்பது ஏன்? கம்பளிப்புழு சேகரித்த மாணவிக்கு மருத்துவர் பதில்

கேள்வி: நான் விலங்கியல் முதுகலை மாணவி. கோடை விடுமுறையில் எங்கள் குழு பத்து நாள் களஆய்வுக்குச் சென்று புழுக்களைச் சேகரித்தது. அவற்றை இலைகளோடு டப்பாக்களில் வளர்த்து, அந்துப்பூச்சி வெளிவருகிறதா, புழுவினுள் வளரும் ஒட்டுண்ணிக் குளவி வெளிவருகிறதா என்று குறித்துவந்தோம். கையுறை இல்லாமல் நான் எந்தப் புழுவையும் தொடவில்லை. ஆனாலும் மூன்றாம் நாளிலிருந்து கழுத்திலும் முன்கைகளிலும் இடுப்பைச் சுற்றியும் சிவந்த தடிப்புகளும் தாங்க முடியாத அரிப்பும் வந்தன. திரும்பி வந்த பிறகும் அவ்வப்போது வருகின்றன. ஒரு புழுவையும் தொடாத என் அறைத்தோழிக்கும் வந்திருப்பதால், இது தொற்றோ என்று அஞ்சுகிறேன். குழுவில் இன்னொருத்திக்குக் கண்ணில் ஏதோ பட்டுச் சிவந்தது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் அடங்கி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் சிவந்திருக்கிறது. எனக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. அடுத்த மாதம் மறுபடியும் போகலாமா?

பதில்: உங்கள் தோழியின் கண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நீங்கள் எழுதியவற்றுள் தள்ளிப்போடக் கூடாதது அது ஒன்றுதான். கம்பளிப்புழுவின் மெல்லிய ரோமங்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அதனால் உள்ளே நுழைந்த ரோமம் முன்னேறுமே தவிரப் பின்வாங்காது. கண்ணைக் கசக்குவதும், இமைப்பதும், விழி அசைவதும்கூட அதை மேலும் உள்ளே தள்ளும். மேல் இமையின் உட்புறத்தில் தைத்துக்கொண்ட ரோமம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியைக் கீறும். கருவிழியைத் துளைத்து உள்ளே சென்ற ரோமம், வாரங்களோ மாதங்களோ கழித்து, கண்ணின் உள்ளறைகளில் அழற்சியை உண்டாக்கலாம். ரோமத்தைச் சுற்றிச் சிறு முடிச்சுகள் தோன்றுவதால் இந்நிலைக்கு ஆஃப்தால்மியா நொடோசா என்று பெயர்.

கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்திருந்தால், அது சிவப்பை அடக்கியிருக்கும். ரோமம் அங்கேயே இருந்திருக்கும். சரியாகி மீண்டும் சிவந்த கண் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றும் ஐயம் இதுவே. அவர் ஓரிரு நாளுக்குள் கண் மருத்துவரிடம் சென்று, கம்பளிப்புழுக்களோடு வேலை செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் கண்வலி என்று நினைக்க இடமுண்டு. சொன்னால், மேல் இமையைத் திருப்பி, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் ஒவ்வொரு ரோமமாகத் தேடி எடுப்பார்கள். எடுத்த பிறகும் சில மாதங்கள் வரச் சொல்வார்கள். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ, வலி கூடினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வெந்தய வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்காக எருக்கஞ்செடியில் தேடியிருந்தால் அதையும் சொல்லட்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால், பெரிதாக வலிக்காமலேயே கருவிழி வீங்கிப் பார்வை மங்கக்கூடும்.

இனி உங்கள் தோலுக்கு வருவோம். இது தொற்று அல்ல. புழுக்கள் நம்மைத் தாக்கும் வழி இரண்டு. சில இனங்களில் உள்ளீடற்ற முட்களின் அடியில் நஞ்சு சுரக்கும் செல்கள் இருக்கும். தொட்ட கணமே தீப்பட்டதுபோல் வலிக்கும், எந்தப் புழு செய்தது என்பதில் ஐயமே எழாது. மற்றவற்றில் உதிரக்கூடிய நுண்ரோமங்கள் இருக்கும். ஊர்வலம்போல வரிசையாக நகரும் சில அந்துப்பூச்சிப் புழுக்களில் ஒரு புழுவின் மேலேயே இத்தகைய ரோமங்கள் பல லட்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவானது. மூங்கில் சுணை தோலில் ஏறுவதைப் போல இவை ஏறும். ஆனால் குத்துவதோடு நிற்காமல், தம்மிடமுள்ள புரதங்களால் ஒவ்வாமையையும் தூண்டும். அதனால்தான் அரிப்பு சிலருக்கு நிமிடங்களிலும் சிலருக்கு மறுநாளிலும் தொடங்கி, ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டாம் வகையே என்று கருதுகிறேன்.

கையுறை ஏன் காக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. புழு விரலைத் தொடாதபடி கையுறை தடுத்தது உண்மைதான்; ஆனால் அதே கையுறையால் வியர்த்த கழுத்தைத் துடைத்திருப்பீர்கள், இடுப்புப் பட்டையைச் சரிசெய்திருப்பீர்கள், மறுநாளும் அதையே அணிந்திருப்பீர்கள். துணிக் கையுறையாக இருந்தால் அதன் இழைகளில் ரோமங்கள் நன்றாகத் தங்கும். தலைக்கு மேலுள்ள கிளையைத் தடியால் தட்டி, கீழே விரித்த துணியில் புழுக்களை விழவைக்கும் முறையில், புழுவைத் தொடாதவருக்கும் காலரின் உள்ளே ரோமம் கொட்டும். தடிப்புகள் கழுத்திலும் இடுப்பிலும் கூடுதலாக இருப்பதற்கு, துணி அங்கே உராய்வதுதான் காரணமாக இருக்க வேண்டும். டப்பாக்களைத் திறந்து சுத்தம் செய்ததையும் மறக்க வேண்டாம்: புழு உரித்துப் போட்ட தோலிலும், அது பின்னிய கூட்டிலும், செத்த புழுவின் மேலும் உள்ள ரோமங்கள் வீரியம் இழப்பதில்லை. அறைத்தோழிக்கு வந்ததும் இந்த வழியில்தான், உங்கள் சட்டையிலிருந்தோ, துண்டிலிருந்தோ, ஒரே வாளியில் ஊறிய துணிகளிலிருந்தோ.

ஆகவே மருந்தைவிடத் துணிக்குத்தான் முதல் வைத்தியம். களத்துக்குக் கொண்டுபோன துணிகளையும் படுக்கை விரிப்பையும் வீட்டுக்குள் உதறாமல், தனியாக, வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை துவையுங்கள். பையையும் காலணியையும் ஈரத்துணியால் துடையுங்கள். தோலில் புதிதாக அரிக்கும் இடத்தைச் சொறியாமலும் தேய்க்காமலும், செலோடேப்பை மெல்ல ஒட்டி எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய டேப் வேண்டும். பிறகு சோப்பு நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் காற்றில் உலரவிட்டு, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். அரிப்புக்குச் செட்டிரிசின் போன்ற மாத்திரையும், மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பைச் சில நாளும் பயன்படுத்தலாம். களிம்பு கண்ணருகே கூடாது. பல வேலைகளுக்கு நடுவே துணி துவைப்பதை விட்டுவிட்டு, களிம்பை மட்டும் மாற்றி மாற்றிப் பூசி என்னிடம் வருபவர்கள் பலர்.

குழுவில் யாராவது தென்னமெரிக்கக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கலாம். அவை கட்டுக்கதை அல்ல. தெற்குப் பிரேசிலில் காணப்படும் லொனோமியா என்னும் புழுவின் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் குலைத்து, உள்ளுறுப்புகளில் இரத்தக் கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடியது. சாவ் பாவ்லோவின் புட்டான்டன் நிறுவனம் அதற்கென்றே முறிமருந்து தயாரிக்கிறது. உங்கள் தடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. என்றாலும் எந்த நாட்டில் புழு சேகரித்தாலும், தொட்ட பிறகு ஈறில் இரத்தம் கசிந்தாலோ, காரணமின்றி உடலில் இரத்தம் கட்டி நீலம் பாய்ந்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, புழுவின் புகைப்படத்தோடு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்துமா இருக்கும்போது மறுபடியும் போகலாமா என்பதற்கு என் பதில், போகலாம். ஆனால் டப்பா அறையில் உங்களுக்கு வேலை வேண்டாம். ஒவ்வாமை பழகப் பழகக் குறைவதில்லை, கூடுவதே வழக்கம். மூடிய அறையில் நாள்தோறும் இந்தத் தூசியைச் சுவாசித்தால், இன்று தோலில் வருவது நாளை மூச்சில் வரலாம். வழுவழுப்பான புழுக்களையும், புழு இருக்கும் இலையைக் காம்போடு கத்தரித்து எடுக்கும் வேலையையும், குறிப்பெழுதுவதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை அணிந்து எறியும் நைட்ரைல் கையுறை, கழுத்தை மூடும் முழுக்கைச் சட்டை, கிளை தட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை இருக்கட்டும். இன்ஹேலர் அறையில் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும். சென்ற முறை இழுப்பு கூடியிருந்தால், புறப்படுமுன் உங்கள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்தைச் சீர்செய்துகொள்ளுங்கள். முகமோ நாக்கோ வீங்கினால், குரல் கம்மினால், தலை சுற்றினால் அது அட்ரினலின் ஊசிக்குரிய அவசரம். மாத்திரை போட்டுக் காத்திருக்கும் நேரமல்ல.

கொண்டுவந்த டப்பாக்கள் இன்னும் அறையில் இருந்தால், அவற்றை ஆஸ்துமா இல்லாத ஒருவர் முகக்கவசம் அணிந்து, திறந்தவெளியில் காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று திறக்கட்டும். உள்ளே இருப்பதை ஊதவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, ஈரக் காகிதத்தால் வழித்து, பையில் கட்டிவிட வேண்டும்.