ஹுவானாவின் பெயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலம்பஸை அனுப்பிவைத்த காஸ்டீல் அரசி இசபெல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவருடன் அரியணைக்குப் போட்டியிட்ட இளவரசியை வெறும் ஹுவானா என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த நூல்களிலெல்லாம் அவர் ‘லா பெல்ட்ரானெஹா’. அரசருக்குப் பிறந்தவர் அல்லர் என்பது தெரிந்த செய்திதானே, ஏன் மறைக்க வேண்டும்?

வாசகர், மதுரை

அன்புள்ள வாசகருக்கு,

மறைக்கவில்லை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அரசவைப் பிரபு பெல்ட்ரானுக்குப் பிறந்தவள் என்று குத்திக்காட்ட எதிரிகள் வைத்த வசைப்பெயர் அது.

சந்தேகத்துக்கு இடம் இருந்தது உண்மை. காஸ்டீல் அரசர் நான்காம் என்ரிக்கேயின் முதல் திருமணம், தாம்பத்தியமே நிகழவில்லை என்று 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 1453-இல் ரத்தானது. இரண்டாம் மனைவிக்கு 1462-இல் ஹுவானா பிறந்தார். அந்த மே மாதமே பிரபுக்கள் அவரை வாரிசாக ஏற்றுச் சத்தியம் செய்தார்கள். 1464-இல் அரசரின் நெருக்கத்துக்குரிய பெல்ட்ரான் டெ லா குவேவாவுக்கு சந்தியாகோ சமயப்படையின் தலைமைப் பதவி போனது. குழந்தை அரசருடையது அன்று என்று பிரபுக்கள் எழுதிக்கொடுத்ததும் அதே ஆண்டில்தான். பதவி கைமாறிய பிறகு வந்த சந்தேகத்தை நான் எப்படி நம்புவது?

தகப்பனும் உறுதியாக நிற்கவில்லை. 1468-இல் தங்கை இசபெலை வாரிசாக ஏற்றார். 1470-இல் ஹுவானா என் மகளே என்று சத்தியம் செய்தார். அவர் 1474-இல் இறந்ததும் இசபெல் அரசியானார். இந்த இசபெல்தான் ஹுவானாவுக்கு ஞானத்தாய்! அடுத்து இருவர் தரப்புக்கும் இடையே அரியணைக்காக நடந்த போரில் பெல்ட்ரான் நின்றதும் இசபெலின் பக்கம். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஊர் யாரைத் தகப்பன் என்றதோ, அவரும் அந்தப் பெண்ணுக்குத் துணை நிற்கவில்லை.

பதின்மூன்று வயதில் தாய்மாமனான போர்ச்சுகல் அரசருக்கு மணம் முடித்தார்கள். போரில் ஹுவானாவின் தரப்பு தோற்றது. 1479 உடன்படிக்கை அவருக்கு இரண்டு வழிகளை விட்டது: இசபெலின் ஒரு வயது மகன் வளரும்வரை காத்திருந்து அவனை மணப்பது, அல்லது கன்னியர் மடம். ஹுவானா மடத்துக்குப் போனார். 1530-இல் லிஸ்பனில் இறக்கும்வரை ‘நான், அரசி’ என்றே கையெழுத்திட்டார். அவரைப் புதைத்த மடம் 1755 நிலநடுக்கத்தில் அழிந்தது. இனி மரபணுச் சோதனைக்கும் வழியில்லை.

நீங்கள் சொல்வதில் ஒன்று நியாயம். பிற நூல்களில் தேடுபவருக்கு அந்தப் பெயர் தேவைப்படும். அதை யார், எப்போது வைத்தார்கள் என்ற விவரத்தோடு அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.