கடிக்கிற ஃபெரெட் கைக்குப் பழகுமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி, ஃபெரெட் என்கிற, பார்வைக்குக் கீரிபோல இருக்கும் வளர்ப்புப் பிராணி ஒன்றை வளர்த்தான். வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வயதுப் பெண் ஃபெரெட் அது. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, அதன்மேல் அவனுக்கு உயிர். ஆனால் கையை நீட்டினாலே கடித்துவிடுகிறது. பகலெல்லாம் செத்ததுபோல் தூங்குகிறது. 'கீரியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டிருக்கிறீர்களே' என்று அவனுடைய அப்பத்தா தினமும் சத்தம் போடுகிறார். இது எங்களோடு ஒட்டுமா? நாங்கள் சாப்பிடுவதையே கொடுக்கலாமா? சித்திரை வெயிலைத் தாங்குமா?"

ஒட்டும் அம்மா, நன்றாகவே ஒட்டும். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உயிர்ப் பிரச்சினை அதில்தான் இருக்கிறது.

தாங்காது. ஃபெரெட்டுக்கு நம்மைப்போல வியர்த்து உடம்பு குளிராது. அதனால் வெறும் மின்விசிறிக் காற்றால் பெரிய பயன் இல்லை. 15 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். 27-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 32-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 38, 40 என்று போகும். உங்கள் வீட்டின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ளறைகளை ஓரளவு குளிர்ச்சியாக வைத்திருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. ஒரு அறைக்காவது ஏசி வேண்டும். மின்சாரம் போனால் தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றிப் படுக்கைப் பக்கத்தில் வையுங்கள். மாடி அறையில் மட்டும் வைக்காதீர்கள். ஏசிக்கு வழியே இல்லையென்றால், கோடை முடியும்வரை ஏசி வசதியுள்ள உறவினர் வீட்டில் விடுவதுதான் நியாயம் என்பது என் கருத்து.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வடிந்து துவண்டு கிடந்தாலோ, சாதாரணத் தண்ணீரால் பாதத்தையும் வயிற்றையும் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இப்போது அப்பத்தாவின் கோபத்துக்கு வருவோம். பார்வைக்குக் கீரிபோல இருந்தாலும் இது கீரி இல்லை. கீரி, பூனைகளுக்கு நெருங்கிய தனிக் குடும்பம். ஃபெரெட், நீர்நாயின் உறவு. ஐரோப்பாவில் முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்காக மனிதர்கள் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கி வளர்த்த இனம் இது. காட்டிலிருந்து பிடித்து வந்தது அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். கீரியையோ மரநாயையோ பிடித்து வளர்ப்பதுதான் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கேட்டால் காட்ட, வாங்கிய ரசீதைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு பிடிக்கும் என்று நம்பி யாரும் அதைத் தோட்டத்தில் விட்டுவிடவும் கூடாது.

முயல் வளை என்றேனே, அதன் புத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கே இருட்டான இடுக்கு தெரிகிறதோ அங்கே நுழையும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். முற்றத்து மழைத்தண்ணீர் வெளியே போகிற ஜலதாரை வாயை இன்றைக்கே நெருக்கமான கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். பட்டாலையில் ஊஞ்சல் ஆடும்போது அது அறைக்குள் இருக்கட்டும். விரித்த பாயிலும் மெத்தையிலும் தட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள், அடியில் சுருண்டு கிடக்கும். ரப்பர் என்றால் அதற்குப் பைத்தியம். ஹவாய் செருப்பு, பென்சில் அழிக்கிற ரப்பர், ரிமோட் பொத்தான் எதையும் கடித்து விழுங்கும். அது குடலை அடைத்து, அறுவை சிகிச்சைவரை போன குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓடினால் வழுக்கும், அது விளையாடுகிற இடத்தில் ஒரு கோரைப்பாய் விரியுங்கள். பினாயில் போட்டுத் துடைத்த ஈரத்தில் நடக்க விடாதீர்கள், பாதத்தை நக்கும்.

இனி கடி. மூன்று வாரத்தில் வீடு, ஆள், வாசனை எல்லாம் அதற்கு மாறியிருக்கின்றன. கடியில் இரண்டு வகை உண்டு. வால் மயிர் சிலிர்த்து, சீறி, பின்வாங்கிக் கடித்தால் அது பயம். முதுகை வளைத்து, வாயைத் திறந்துகொண்டு பக்கவாட்டில் துள்ளித் துள்ளி வந்து, தொண்டைக்குள் கோழி கொக்கரிப்பதுபோல மெல்ல ஒலியெழுப்பிக்கொண்டே கடித்தால் அது விளையாட்டு. ஃபெரெட்டுகளின் தோல் தடிமன். ஒன்றையொன்று கழுத்தில் கவ்வித்தான் விளையாடும். உங்கள் மகனின் தோல் மெல்லியது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விளையாட்டுக் கடி என்றால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற கை அதற்கு இரை. அடிக்கவோ மூக்கில் சுண்டவோ கூடாது, அது பயக் கடியாக மாறிவிடும். பின்கழுத்துத் தோலை முழுக் கையால் பிடித்து, இன்னொரு கையைப் பின்புறத்துக்குத் தாங்கலாகக் கொடுத்துத் தூக்குங்கள். உடம்பு தளர்ந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விடும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அப்போது உறுதியான குரலில் 'வேண்டாம்' என்று ஒரே சொல். சில நொடி கழித்து, அடங்கியபின் இறக்குங்கள். கடித்த மறுநொடியே கீழே விட்டால், இறங்கவேண்டுமானால் கடிக்கவேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

பயக் கடிக்கு இந்தப் பிடி உதவாது. அதற்கு நான் சொல்கிற வைத்தியம் ஒரு மஞ்சப்பை. உங்கள் மகன் இரண்டு நாள் துடைத்துக்கொண்ட துண்டை, துவைக்காமல், அதன் படுக்கையில் போடுங்கள். அது தூங்கி எழுகிற விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கதவைச் சாத்திவிட்டு அவன் தரையில் உட்காரட்டும், வேளைக்கு இருபது நிமிடம். புத்தகம் படிக்கலாம், துரத்தக் கூடாது. மடியோரம் மஞ்சப்பையை வாய் திறந்து வைத்து உள்ளே அந்தத் துண்டைப் போடுங்கள். இருட்டான பை அதற்கு வளைதான், தானாக நுழையும். பைக்குள் படுக்கப் பழகியபின் பையோடு மெல்லத் தூக்கி மடியில் வைக்கலாம். கையின் பின்புறத்தில் துளி முட்டை மஞ்சள் கரு தடவி நக்கக் கொடுக்கலாம். விரல் நுனியில் வேண்டாம், பார்வை மங்கல் என்பதால் மோப்பத்தை நம்பி விரலையும் சேர்த்துக் கவ்வும். சில வாரங்கள் பிடிக்கும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். நடுவில் ஒருநாள் பொறுமையிழந்து துரத்திப் பிடித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

தூக்கத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். அசைத்தால்கூட எழாத ஆழ்ந்த தூக்கமும் உண்டு. உடம்பு கதகதப்பாக இருந்து மூச்சு சீராக வந்தால் கவலையில்லை. உடம்பு சில்லிட்டு, எச்சில் வடிந்து, எழுப்பியும் தள்ளாடினால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். ஈறில் துளி தேன் தடவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

தேனை இந்த அவசரத்தைத் தவிர வேறு எதற்கும் தராதீர்கள். ஃபெரெட் முழு மாமிசப் பிராணி. சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைத் தாண்டிவிடும். அரிசியும் மாவும் இனிப்பும் அதற்குச் செரிக்காது, காலப்போக்கில் கணையத்துக்கும் நல்லதல்ல. அதனால் தயிர்சாதம், பால், கருப்பட்டிப் பணியாரம் எதுவும் வேண்டாம். நம் கோழிக் குழம்பு இன்னும் மோசம். சின்ன வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். தரமான பூனைக்குட்டித் தீவனத்தை எப்போதும் கிண்ணத்தில் வைத்திருங்கள், நினைத்த நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். காரைக்குடிப் பக்கம் பண்ணைக் காடை கிடைக்கும். மசாலா படாத பச்சைக் காடையை எலும்போடு கொடுக்கலாம், வேகவைத்த எலும்பு கூடாது. சிறு வயதில் பழகாத உணவை எளிதில் ஏற்காது, எனவே புதியதைச் சிறிது சிறிதாகப் பழைய தீவனத்தோடு கலந்து மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்குக் கருத்தடை செய்திருக்கிறதா? பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து இணை சேராவிட்டால் பருவம் தானாக அடங்காது. வாரக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி, எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்தி, ரத்தசோகையில் இறந்துபோகக்கூடும். பிறப்புறுப்பு வீங்கியிருந்தாலோ ஈறு வெளுத்திருந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். தம்பிக்கு இன்றே போன் செய்து கேளுங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இதற்கு வந்தால் பிழைப்பது மிக அரிது. தடுப்பூசி அவசியம், ஆனால் நாய்க்குப் போடுகிற கூட்டு ஊசியை அப்படியே போடக் கூடாது. ஃபெரெட் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் எந்த ஊசி என்று கேட்டுப் போடுங்கள். அருகில் அப்படி யாரும் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். வீட்டில் யாருக்காவது ஃப்ளூ காய்ச்சல் என்றால் அது சரியாகும்வரை குட்டியைத் தொட வேண்டாம். நம் ஃப்ளூ இதற்கும் ஒட்டும். 1933-இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸை முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் உதவியால்தான்.

வாடைக்காக அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும், வாடை கூடும். குளியல் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். படுக்கைத் துணியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவையுங்கள்.

ஒரு நாள் பெட்டகத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சாவி, தேநீர்க் கரண்டி, தீவன உருண்டைகள், காடைத் துண்டு என்று ஒரு சேமிப்பு கிடக்கும். இறைச்சியை மட்டும் அன்றே எடுத்துப் போட்டுவிடுங்கள், சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் கைக்குட்டை அங்கே இருந்தால், அதை அப்படியே விட்டுவையுங்கள்.