மோனோலித்தா, மைக்ரோசர்வீஸா: ஆறு பேர் கொண்ட டீம் புதிய ஆர்டர் சிஸ்டத்தை எதில் தொடங்கலாம்?

மோனோலித்தில், அதாவது எல்லாப் பகுதிகளும் ஒரே புரோகிராமாக இயங்கும் அமைப்பில், தொடங்குங்கள். ஆறு பேருக்கு ஒரே கோட்பேஸ், ஒரே டிப்ளாய்மென்ட் போதும்.

உண்மையான வித்தியாசம் டேட்டாவில்தான் தெரியும். மோனோலித்தில் ஆர்டரைப் பதிவதும் ஸ்டாக்கைக் குறைப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷன். அதாவது இரண்டும் சேர்ந்து நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது; நடுவில் பிழை வந்தால் டேட்டாபேஸே பழைய நிலைக்குத் திருப்பிவிடும் (ரோல்பேக்). மைக்ரோசர்வீஸில் ஒவ்வொரு பகுதியும் தனி சர்வீஸாக ஓடும்; ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். ஸ்டாக் குறைந்தபின் பேமென்ட் தோற்றால், குறைத்ததைத் திரும்பக் கூட்டும் கோடை நீங்கள்தான் எழுத வேண்டும். இப்படித் தோற்றால் முந்தைய படிகளை ஈடுசெய்யும் முறைக்கு சாகா என்று பெயர். ஸ்டாக்கைத் திரும்பக் கூட்டச் சொல்லும் மெசேஜ் இரண்டு முறை வந்தால் ஸ்டாக்கும் இரண்டு முறை கூடும்; எனவே ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி ஐடி கொடுத்து, ஏற்கெனவே கையாண்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

நம்பகத்தன்மையும் குறையும். ஒரு ரிக்வெஸ்ட் 99.9% அப்டைம் (இயங்கிக்கொண்டிருக்கும் நேரம்) உள்ள ஐந்து சர்வீஸ்களை வரிசையாக அழைத்தால், மொத்தம் சுமார் 99.5% தான். டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) வைக்காவிட்டால் ஒரு சர்வீஸின் தாமதம் அதை அழைக்கும் எல்லாவற்றையும் முடக்கும்.

பிரிப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: ஒரு பகுதிக்கு மட்டும் பல மடங்கு சர்வர் தேவைப்படுவது, அல்லது பல டீம்கள் ஒரே ரிலீஸுக்காகக் காத்துக் கிடப்பது. அதுவரை மாட்யூல்களின் எல்லையைக் கறாராக வையுங்கள். ஒரு மாட்யூல் இன்னொன்றின் டேபிளை நேரடியாகத் தொடவே கூடாது. பிரித்தபின்னும் டேட்டாபேஸைப் பகிர்ந்தால், இரண்டு பக்கத்துத் தொல்லையும் சேர்ந்தே வரும்.