தூப்பி வாசலில் நிற்கும்போதே

மொரிஷியஸில் வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். குட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு மேல்தளம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. மூன்று தூப்பி (டிரம் சுற்றும் கலவை லாரி) ரெடிமிக்ஸ் கான்கிரீட் வந்தது, ஒவ்வொன்றிலும் 6 கன மீட்டர். நாங்கள் கேட்டது சி25/30. மூன்றாவது தூப்பி வழியில் மாட்டிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. கலவை இறுகிவிட்டது என்று மேசன் சொல்ல, டிரைவர் குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார். 28 நாள் கியூப் முடிவு (கலவையில் வார்த்த கனசதுரத்தை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்த வலிமை) 33, 32, 24 என்று வந்திருக்கிறது. 'தண்ணீர் ஊற்றச் சொன்னது உங்கள் ஆள், நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார் கம்பெனிக்காரர். அடுத்த வாரம் முட்டுகளை எடுத்துவிடலாம் என்கிறார் மேசன். தளத்தை உடைக்க வேண்டியிருக்குமா? — ஒரு வாசகி

பதில்: முட்டுகளை எடுக்க வேண்டாம் அம்மா. முதலில் மேசனிடம் அதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த 24 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சி25/30 என்றால் உருளை வைத்துச் சோதித்தால் 25, கியூப் வைத்துச் சோதித்தால் 30 மெகாபாஸ்கல். உங்களுக்குப் போட்டது கியூப், ஆகவே உங்கள் அளவுகோல் 30. ஐரோப்பிய இஎன் 206 விதிப்படி சைட்டில் எடுத்த எந்த முடிவும் அதிலிருந்து 4-க்கு மேல் குறையக் கூடாது, அதாவது 26-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு முதல் நான்கு முடிவுகள் கையில் இருந்தால் அவற்றின் சராசரி 31-ஆவது இருக்க வேண்டும். உங்கள் சராசரி 29.7. இரண்டு வழியிலும் தேறவில்லை. ஆனாலும் முதல் இரண்டு தூப்பியின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி மூன்றாவதைப் பற்றியது மட்டும்தான்.

அதிலும் முதலில் கியூபையே சந்தேகப்பட வேண்டும். சோதனைக்கூடத்துச் சீட்டில் ஒவ்வொரு கியூபின் எடையும் இருக்கும். நம் கருங்கல் ஜல்லியில் நன்றாகக் குத்திய 15 சென்டிமீட்டர் கியூப் 8 கிலோவுக்கு மேல் நிற்கும். மூன்றாவதன் எடை மற்ற இரண்டையும்விட நன்றாகக் குறைந்திருந்தால், சரியாகக் குத்தாமல் உள்ளே காற்று நின்றிருக்கலாம். அப்படியென்றால் தப்பு கியூப் போட்ட கையில். தளம் அதைவிட நன்றாக இருக்கக்கூடும். எடை பெரிதாகக் குறையவில்லை என்றால் தண்ணீர்தான்.

தண்ணீருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடினால் ஸ்லம்ப் (கோன் என்ற கூம்பு அச்சில் நிரப்பிய கலவை, அச்சைத் தூக்கியதும் எவ்வளவு உட்காருகிறது என்ற அளவு) 25 மில்லிமீட்டர் ஏறும், வலிமை ஒன்று, ஒன்றரை மெகாபாஸ்கல் இறங்கும். மற்ற இரண்டு தூப்பியோடு ஒப்பிட்டால் உங்களுக்கு இறங்கியிருப்பது குறைந்தது 8. குறைந்தது கன மீட்டருக்கு 27 லிட்டர் என்று வைத்தாலும் 6 கன மீட்டருக்கு 160 லிட்டரைத் தாண்டுகிறது. மழைநீர் பிடிக்க வைத்திருப்போமே 200 லிட்டர் இரும்பு டிரம், அதில் முக்கால் பங்குக்கு மேல்! குழாயைத் திறந்துவிட்டு நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தால் இவ்வளவும் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: மூன்றாவது தூப்பியின் கலவை தளத்தில் எந்தப் பக்கம் போனது என்று, ஊற்றிய ஆட்களின் ஞாபகம் மங்குவதற்குள் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். வீட்டை வரைந்த எஞ்சினியரை வரவழையுங்கள். அவர் முதலில் ஷ்மிட் சுத்தியலால் (தட்டினால் எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று காட்டும் கருவி) நல்ல பக்கத்தையும் சந்தேகப் பக்கத்தையும் தட்டி ஒப்பிடுவார். பிறகு கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்த்து, கம்பியில் படாமல் மூன்று கோர் (உருளை வடிவத் துண்டு) துளைத்து எடுப்பார்கள். நீளமும் விட்டமும் சமமாக அறுத்த கோரைக் கியூபோடு ஒப்பிடலாம். மூன்று கோரின் சராசரி, கேட்ட வலிமையில் 85 விழுக்காட்டைத் தொட்டு, எதுவும் 75-க்குக் கீழே போகாவிட்டால் ஏற்கலாம் என்பது அமெரிக்க விதி. உங்களுக்கு அது சராசரி 25.5, தனி ஒன்று 22.5. தொடாவிட்டாலும் உடனே உடைப்பு இல்லை. அந்தப் பக்கத்தின் சுமையை எஞ்சினியர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார். மகனுக்கு மாடி எழுப்பலாம் என்று கம்பிகளை மேலே நீட்டி விட்டிருப்பீர்கள், நாம் எல்லோரும் விடுவதுதானே. அந்த மாடியின் சுமையையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பொறுப்பில்லை என்று கம்பெனிக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டெலிவரி சீட்டை எடுத்துப் பாருங்கள். சைட்டில் தண்ணீர் சேர்த்தால் எவ்வளவு, யார் கேட்டார் என்று அதில் எழுத வேண்டும். எழுதி உங்கள் ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச அதிகம் இடமில்லை. ஒன்றும் எழுதாமல் டிரைவர் ஊற்றியிருந்தால் கம்பெனி அவ்வளவு சுலபமாகக் கை கழுவ முடியாது. அதே சீட்டில், ஆலையில் கலவை ஏற்றிய நேரமும் இருக்கும். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதை உங்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். இருபத்தாறு வயதில் காத்ர் போர்னில் ஒரு வீட்டுத் தளத்துக்குக் கோன் தூக்கப் போனேன். கேட்ட ஸ்லம்ப் 100. இரண்டாவது தூப்பியில் கோனைத் தூக்கியதும் கலவை சரிந்து உட்கார்ந்தது, அளந்தால் 190. புத்தகத்தில் 190 என்று எழுதினேன். திருப்பி அனுப்புங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, பத்துப் பன்னிரண்டு ஆட்கள் மேலே நின்றார்கள், அடுப்பில் எல்லோருக்கும் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா என் கையில் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். 28 நாள் கழித்து 21 வந்தது. இரண்டு மாதம் முட்டு எடுக்க முடியவில்லை. அந்தத் தளத்துக்குக் கீழே நடக்க வேண்டிய அவர்கள் மகளின் கல்யாணம் வேறிடத்தில் நடந்தது. நான் எழுதி வைத்த எண்ணால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. சொல்ல வேண்டிய நேரம் கலவை டிரம்முக்குள் இருந்தபோதுதான். கோஃப்ராஜ் பலகையில் (தளம் வார்க்கும் அச்சுப் பலகை) விழுந்த பிறகு அது நம் வீடு.

மகனின் மாடிக்குத் தளம் போடும்போது, 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முந்தின நாளே முடிவு செய்து மேசனிடமும் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள். அவர் வாசலில் நிற்கட்டும், சமையலைக் கவனிக்க வேறு ஆள் இருப்பார்கள். தூப்பி வந்ததும் சீட்டை வாங்கி வலிமை, ஸ்லம்ப் வகுப்பு, ஏற்றிய நேரம் மூன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க விதியில் நெடுங்காலம் இருந்தது 90 நிமிடம், பிரிட்டிஷ் வழக்கம் ஏற்றியதிலிருந்து 2 மணி நேரம். நம் ஜனவரி வெயிலில் நான் 90-ஐத்தான் பிடித்துக்கொள்வேன். டிரம்மைக் கொஞ்சம் சுற்றவிட்டு, முதலில் வரும் சிறு அளவை ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு வரும் கலவையில் ஸ்லம்ப் எடுக்க வேண்டும். கோனை மூன்று அடுக்காக நிரப்பி ஒவ்வொன்றுக்கும் 25 குத்து, நேராகத் தூக்க 2 முதல் 5 விநாடி. ஒரு பக்கமாக அறுந்து சரிந்தால் அந்த அளவு செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். கியூபும் அந்தக் கலவையிலேயே போட வேண்டும். எதையாவது சேர்த்தால், சேர்த்த பிறகுதான் கியூப்.

கேள்வி: மேசன்கள் எப்போதும் 'மருந்து வேண்டாம், தண்ணீர் போதும்' என்கிறார்கள். முன்பெல்லாம் கலவை இவ்வளவு இறுகியதில்லையே? — வாக்கோவா வாசகர்

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. முன்பு கடற்கழி மணலில் வேலை செய்தார்கள், அது வழவழப்பாக ஓடும். 2001-இல் அதை எடுப்பது நின்றுபோன பிறகு நமக்கு ராக்சாண்ட்தான், கருங்கல்லை உடைத்த மணல். ஓரமெல்லாம் கூர், தூசும் அதிகம், அதனால் அதே ஓட்டத்துக்கு அதிகத் தண்ணீர் குடிக்கும். மணல் எடுப்பதை நிறுத்தியது நல்ல காரியம், நம் கரைகள் அதற்குமேல் தாங்கியிருக்காது. ஆகவே ஓட்டம் வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே எஸ்3 (ஸ்லம்ப் 100 முதல் 150 மில்லிமீட்டர்) அல்லது எஸ்4 (160 முதல் 210) என்று கேளுங்கள். ஆலையில் பிளாஸ்டிசைசர் என்ற, ஓட்டம் தரும் மருந்தைப் போட்டு, சிமென்டுக்குரிய தண்ணீரைத் தாண்டாமல் அந்த ஓட்டத்தைக் கொண்டுவருவார்கள். சைட்டில் சேர்க்க நேர்ந்தாலும் கம்பெனியின் ஆளே மருந்தை அளந்து ஊற்றி, கன மீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம், எப்படியும் 5 நிமிடத்துக்குக் குறையாமல் டிரம்மை வேகமாகச் சுற்ற வேண்டும். ஸ்லம்ப் சரி என்பதால் வலிமையும் சரி என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் விட்ட கலவையும் மருந்து போட்ட கலவையும் கோனில் ஒரே எண்ணைக் காட்டும்.

கேள்வி: 120 சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் தளம். கணக்குப்படி 18 கன மீட்டர் வாங்கினோம், கடைசியில் ஒரு மூலைக்குப் போதவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? — திரியோலே வாசகர்

பதில்: அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். பீம்களின் அளவைச் சேர்த்தீர்களா? பலகை சராசரியாக ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தாலே ஒரு கன மீட்டருக்கு மேல் போய்விடும். பம்ப் குழாயிலும் கொஞ்சம் நிற்கும். நூற்றுக்கு ஐந்து கூட்டி வாங்குங்கள், கடைசித் தூப்பியை அனுப்பச் சொல்லும் முன் மீதி இடத்தை நாடாவால் அளந்துவிட்டுப் போன் செய்யுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் ஒரு தூப்பியை நிறைந்தபோதும் காலியானபோதும் எடைமேடையில் ஏற்றுங்கள். எடை வித்தியாசத்தைச் சீட்டிலுள்ள ஒரு கன மீட்டர் எடையால் வகுத்தால் எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். அந்த மூலையைப் பிறகு எப்போது ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. மறுநாள் என்றால் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறதா என்று அடுத்த மழைக்குப் பார்த்து எழுதுங்கள்.