கார்டு அண்ணனோடது, ரூம் எனக்கு: உள்ள விடுவாங்களா?

கேள்வி: ஒரு இன்டர்வியூக்காக வெளியூர்ல ரெண்டு நாள் தங்கணும். அண்ணன் அவரோட கிரெடிட் கார்டுல ஹோட்டல் ரூம் புக் பண்ணிட்டார், புக்கிங் என் பேர்லதான் இருக்கு. ஆனா கன்ஃபர்மேஷன் மெயில்ல கடைசில பொடி எழுத்துல, பணம் கட்டின கார்டை செக்கின் அப்போ காட்டணும்னு போட்டிருக்கு. அண்ணன் வேற ஊர்ல இருக்கார். கார்டோட ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன், அத காட்டிக்கோங்கிறார். போதுமா? என்கிட்ட டெபிட் கார்டு மட்டும்தான் இருக்கு.
– பெயர் வேண்டாம் எனக் கேட்ட வாசகி

பதில்: முதல்ல அண்ணனுக்கு போன் போட்டு அந்த போட்டோவ அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்க. கார்டு நம்பர், எக்ஸ்பயரி தேதி, பின்னாடி இருக்க சிவிவிங்கற ரகசிய நம்பர், இந்த மூணும் ஒரே எடத்துல கெடச்சா ஓடிபி கேக்காத வெப்சைட்ல யார் வேணா பொருள் வாங்கலாம். பேமெண்ட் ஓகே ஆனதுக்கு அப்புறம் சிவிவிய கடைக்காரங்களே சேமிச்சு வைக்கக்கூடாதுன்னு கார்டு கம்பெனிகளோட பாதுகாப்பு விதி சொல்லுது, அத போய் வாட்ஸ்அப் கேலரில போட்டு வைக்கலாமா? இத்தனைக்கும் அந்த போட்டோவால பெரிய பிரயோஜனமும் இல்ல. நிறைய ஹோட்டல்ல போட்டோவ ஏத்துக்க மாட்டாங்க, கார்டு கைல இருக்கறத பாக்கத்தான் அவங்க கேக்கறதே.

ஏன் இவ்ளோ கெடுபிடின்னா, திருட்டு கார்டுல ரூம் போட்டு தங்கிட்டு போறவங்க இருக்காங்க. அப்புறம் நிஜமான ஓனர் பேங்க்ல 'இது நான் பண்ணல'ன்னு புகார் குடுத்தா பேங்க் பணத்த திருப்பி எடுக்கும், சார்ஜ்பேக்னு சொல்வாங்க. தங்கினவரு போயாச்சு, பணமும் போச்சு, ஹோட்டல்காரன் கைல ஒண்ணுமில்ல. அதனால ரிசப்ஷன்ல இருக்க பொண்ணு கார்டு கேட்டா உங்கள சந்தேகப்படறாங்கன்னு கோவப்படாதீங்க, அவங்க மேனேஜர் சொன்னத செய்றாங்க.

இப்ப உங்க விஷயம். புக்கிங்ல பணம் ஏற்கனவே எடுத்துட்டாங்களா, இல்ல கார்டை சும்மா கேரண்டிக்கு மட்டும் வாங்கி வச்சிருக்காங்களா? அண்ணனோட பேங்க் மெசேஜ பாத்தா தெரிஞ்சிடும். கேரண்டி மட்டும்னா உங்களுக்கு கவலை கம்மி, ஏன்னா ரூம் வாடகைய செக்கின் அப்போ நீங்களே உங்க டெபிட் கார்டுலயோ, அவங்க வாங்குவாங்கன்னா கேஷாவோ கட்டிக்கலாம், அண்ணன் கார்டு நீங்க வராம போனாலோ, கடைசி நேரத்துல கேன்சல் பண்ணாலோதான் தேவைப்படும். முழு பணமும் எடுத்தாச்சுன்னா அது யாருக்கு போய் சேந்துச்சுன்னு பாக்கணும். சில புக்கிங் சைட்டு பணத்த தானே வாங்கிட்டு ஹோட்டலுக்கு வேற ஒரு விர்ச்சுவல் கார்டுல, அதாவது அந்த புக்கிங்குக்குன்னே உருவாக்கின கார்டு நம்பர்ல, கட்டும், அந்த மாதிரி கேஸ்ல ஹோட்டலுக்கு உங்க அண்ணன் கார்டு நம்பரே தெரியாது, காட்டச் சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. அண்ணன் கார்டுல இருந்து ஹோட்டலே நேரடியா பணம் எடுத்திருந்தா அந்த பொடி எழுத்த சீரியஸா எடுத்துக்கணும்.

அப்படின்னா கெளம்பறதுக்கு மூணு நாலு நாள் முன்னாடியே ஹோட்டலுக்கு நேரா போன் பண்ணுங்க. புக்கிங் சைட்டோட கஸ்டமர் கேருக்கு இல்ல, அவங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வாங்க, கவுன்ட்டர்ல அது செல்லாது. 'கார்டு ஹோல்டர் கூட வரல, ஆத்தரைசேஷன் ஃபார்ம் இருக்கா'ன்னு கேளுங்க. பல ஹோட்டல்ல இதுக்குன்னே ஒரு ஃபார்ம் வச்சிருக்காங்க, தங்கறவர் பேரு, தேதி, எந்தெந்த செலவ கார்டுல போடலாம், எல்லாம் எழுதி அண்ணன் கையெழுத்து போட்டு அவரோட ஐடி காப்பியோட அனுப்பணும். சில எடத்துல ஃபார்முக்கு பதிலா பேமெண்ட் லிங்க் அனுப்புவாங்க, அண்ணன் இருந்த எடத்துலயே ஓடிபி போட்டு கட்டிடலாம், அது இன்னும் நல்லது, ஏன்னா கார்டு நம்பர் ஹோட்டல் ஆள் யார் கைக்கும் போகாது. ஃபார்ம் மெயில்ல அனுப்பணும்னா கார்டோட கடைசி நாலு நம்பர் தவிர மத்தத மறைச்சு அனுப்பலாமான்னு கேட்டுக்கோங்க. எல்லாம் முடிஞ்சதும் 'ஓகே, கிடைச்சது'ன்னு மெயில்ல ஒரு வரி பதில் வாங்கிடுங்க. போன்ல பேசினவரு நீங்க போற அன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல இருக்க மாட்டாரு.

இன்னொண்ணு, இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க. வாடகை கட்டியாச்சுன்னாலும் பல ஹோட்டல்ல டெபாசிட் தனியா கேப்பாங்க. ரூம்ல ஏதாவது ஒடஞ்சா, மினிபார்ல எதாவது எடுத்தா, அதுக்காக ஒரு தொகைய கார்டுல ஹோல்டு பண்ணி வைப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா லிமிட்ல கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். டெபிட் கார்டுல உங்க சொந்த பணமே முடங்கி நிக்கும், செக்கவுட் பண்ணி ஹோட்டல் விட்டுட்டாலும் பேங்க்ல திரும்ப தெரிய சில நாள் ஆகலாம், சில நேரம் அதுக்கும் மேல. இன்டர்வியூக்கு போற எடத்துல அக்கவுண்ட் காலியா இருந்தா ஆட்டோக்கு கூட திண்டாடணும். சில ஹோட்டல் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டே வாங்காது. அதனால போன்லயே எவ்ளோ, எதுல கட்டலாம், கேஷ் வாங்குவாங்களான்னு கேட்டுடுங்க.

கேள்வி: ஃப்ரெண்டு அவன் பேர்லயே ரூம் போட்டான், இப்ப அவனால வர முடியல. பணம் வீணாப் போகக்கூடாதுன்னு நான் போறேன். அவன் ஐடி காப்பிய காட்டி சமாளிக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. கார்டு யாரோடதுங்கறது பணப் பிரச்னை, ரூம்ல யார் தங்கறாங்கங்கறது வேற, நிறைய நாட்டுல தங்கறவங்க விவரத்த பதிவு பண்ணணும்னு சட்டமே இருக்கு. உங்க ஐடிதான் குடுக்கணும். ஃப்ரெண்ட விட்டே புக்கிங்ல உங்க பேர சேக்கச் சொல்லுங்க, அது அவர் அக்கவுண்ட்ல இருந்தோ மெயில்ல இருந்தோ போனாத்தான் ஒத்துக்குவாங்க. பல எடத்துல காசில்லாம மாத்தித் தருவாங்க, திருப்பித் தராத ரேட்டுல போட்டிருந்தா சில எடத்துல முடியாதுன்னும் சொல்வாங்க.

கேள்வி: மச்சானுக்கு என் கார்டுல ரூம் போட்டுக் குடுத்திருக்கேன். அவர் இஷ்டத்துக்கு செலவு பண்ணி என் தலைல கட்டிட்டா?

பதில்: கட்டலாம், நீங்க மேல சொன்ன ஆத்தரைசேஷன் ஃபார்ம்ல 'எல்லா செலவும்'ங்கற கட்டத்துல டிக் அடிச்சிருந்தா. 'வாடகையும் வரியும் மட்டும்'னு இருக்கறத டிக் பண்ணுங்க, கூடவே ஒரு உச்ச வரம்பும் எழுதுங்க, மத்ததுக்கு மச்சான் அவர் கார்ட குடுக்கட்டும். அவர் ட்ரிப்ப கேன்சல் பண்ணிட்டு ஹோட்டலுக்கு சொல்லாம விட்டா நோ-ஷோ சார்ஜ், அதாவது வராம போனதுக்கான கட்டணம், உங்க கார்டுலதான் விழும், கேன்சல் பண்ணி ரீஃபண்டு வந்தாலும் அது உங்க கார்டுக்கேதான் வரும், மச்சான் கேட்டாலும் அவர் கைல தர மாட்டாங்க.