மதிப்பெண்களுக்குள் இருக்கும் பெண் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பவானியில் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். குழுக் கூட்டத்தில் பேசுவதற்காகப் பெண்களின் தொழில், உடல்நலம், உலக நிலவரம் ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் தேடினேன். 2024இல் உலக வங்கியின் தளம் இந்தியாவுக்கு 100க்கு 74.4 தருகிறது, உலகப் பொருளாதார மன்றமோ 146 நாடுகளில் 129ஆம் இடம் என்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இரத்தசோகை. அது இரண்டிலும் காணோம். எதைத்தான் நம்புவது?

ஒரு வாசகி, பவானி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டையும் நம்பலாம், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. உலக வங்கியின் ‘பெண்கள், தொழில், சட்டம்’ என்னும் ஆய்வு 190 நாடுகளின் சட்டங்களைப் படிக்கிறது. அதுவும் நாட்டின் முதன்மையான வணிக நகரில் வசித்து, முறைசார்ந்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எந்தச் சட்டம் துணை நிற்கிறது, எது தடுக்கிறது என்று பார்க்கிறது. இந்தியாவுக்கு அந்த நகரம் மும்பை. வீட்டுத் தறியில் ஜமுக்காளம் நெய்து கூலி வாங்கும் பவானிப் பெண் அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை.

அதற்காகத் தளத்தை ஒதுக்கிவிட வேண்டாம். 74.4 என்பது எட்டுத் தலைப்புகளின் சராசரி. பிரித்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. நடமாட்டம், பணியிடம், திருமணம் மூன்றிலும் இந்தியாவுக்கு 100. ஊதியத்திலோ வெறும் 25, ஏனெனில் பெண்களை எந்த வேலையில் சேர்க்கக் கூடாது என்ற தடைகளும் அத்தலைப்பிலேயே எண்ணப்படுகின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பஞ்சை அழுத்தும் ஆலையில் பஞ்சு பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்களை வேலைக்கு வைப்பதற்குத் தடை விதித்தது. ஆலைகள் சூழ்ந்த உங்கள் பகுதியினருக்கு இதை விளக்கத் தேவையிருக்காது. பிள்ளைப்பேற்றில் கிடைத்திருப்பது 40. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வார மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்துக்குள் (இ.எஸ்.ஐ.) வராத பெண்களுக்கு அந்தச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டியிருப்பதால், இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் சிறு முதலாளிக்கு அச்சட்டமே ஒரு சாக்காகிவிடுகிறது.

2024 அறிக்கையில் இந்த எட்டோடு பாதுகாப்பையும் குழந்தைப் பராமரிப்பையும் சேர்த்துத் தனியாகக் கணக்கிட்டபோது, உலகளவில் ஆண்களுக்குள்ள சட்ட உரிமைகளில் பெண்களுக்கு வாய்த்திருப்பவை 77 விழுக்காட்டிலிருந்து 64 விழுக்காடாகக் குறைந்தன. பெண்களின் நிலை ஓராண்டில் சரிந்துவிடவில்லை, அளவுகோல்தான் நீண்டது. இப்படிப்பட்ட மாற்றங்களைத் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

உலகப் பொருளாதார மன்றம் அளப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளியை மட்டுமே. இருவரும் சமமாக ஏழைகளாக இருந்தாலும் அங்கே மதிப்பெண் குறையாது. உடல்நலத்துக்கு அது எடுத்துக்கொள்வன இரண்டே கணக்குகள்: பிறப்பின்போதைய பாலின விகிதம், நலமாக வாழும் ஆண்டுகள். பெண் சிசுக்களைக் கருவிலேயே இழந்துவரும் நம் நாடு முதல் கணக்கிலேயே தடுக்கி விழுகிறது. இரத்தசோகைக்கு அங்கே தனி இடமே இல்லை.

அதைத் தேட வேண்டிய இடம் தேசியக் குடும்ப நல ஆய்வு. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உண்டு. ஆகவே உங்கள் குழு விதிவிலக்கன்று. 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. நம் மாநிலம் முன்னே நிற்பதாக மகிழலாம். பத்துப் பெண்களில் ஒன்பது பேர் செய்துகொள்ளவில்லை என்றும் படிக்கலாம்.

அவ்வாய்வு மாவட்டத்துக்கொரு தகவல் தாளையும் வெளியிட்டிருக்கிறது. கூட்டத்துக்கு ஈரோடு மாவட்டத்தின் தாளை அச்செடுத்துச் செல்லுங்கள். உலக வங்கியின் எட்டுத் தலைப்புகளை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.